எங்கே போகிறார் என்று கேட்காத மனைவிக்கு ஒரு விசா

மொழிபெயர்ப்பாளர் வேலையில் கண்டிப்பான விதி ஒன்றுதான்: மற்றவர் சொன்னதைக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. பிறப்புச் சான்றிதழோ, விவாகச் சான்றிதழோ, நேர்முகத்தில் ஒருவர் விடும் பெருமூச்சோ, வந்தது வந்தபடி மற்றப் பக்கம் போய்ச் சேர வேண்டும். பெருமூச்சை எப்படி மொழிபெயர்ப்பது என்று கேட்பீர்கள். அந்த நேரம் நானும் பேசாமல் இருந்துவிடுவேன்.

மன்னார் உப்புக்குளத்தில் என் வீட்டின் முன்னறைதான் என் கந்தோர். ஒரு மேசை, நாலு கதிரை, ஒரு முத்திரை. பல வருடம் பத்திரிகையில் சிறுவர் பக்கம் பார்த்தவள் நான். ஒரு நாளும் பள்ளிக்கூடத்தில் படிப்பித்ததில்லை. ஆனாலும் கண்ணாடி போட்டிருப்பதால் வருகிற எல்லோருக்கும் நான் ‘ரீச்சர்’. கணவனுக்கோ மனைவிக்கோ விசா எடுக்கக் கோப்பும் கையுமாக அலைந்தவர்கள் இதை வாசித்தால், உங்கள் கால் உளைவு எனக்குத் தெரியும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். இந்தக் கதையில் வருகிற பெண்ணின் சம்மதமும் உண்டு. அவருடைய கணவர் பத்திரிகையில் கால்பந்துப் பக்கத்துக்கு அப்பால் போகாதவர் என்பதால் அந்தப் பக்கமும் பயமில்லை.

வெளிநாட்டுக்காரி

ஒரு நாள் காலை யூட் என்ற கடல் தொழிலாளி வந்து கதிரையின் நுனியில் இருந்தார். “மனிசிக்கு விசா எடுக்கவேணும், ரீச்சர். மனிசி வெளிநாடு” என்றார். வளைகுடாவுக்கு வேலைக்குப் போய் அங்கே பிலிப்பைன்ஸ் பெண்ணைக் காதலித்துக் கட்டிய பிள்ளைகள் எங்கள் பக்கத்தில் உண்டு. ஐரோப்பாவிலிருந்து சுற்றுலா வந்து, தீவின் காற்றில் மயங்கி நின்றுவிட்டவர்களும் உண்டு. நான் என் ஆங்கிலத்தைத் தூசி தட்டிக்கொண்டு, “உள்ளே வரச் சொல்லுங்கோ” என்றேன். வாசலில் செருப்பு மண்ணைத் தட்டிக்கொண்டு நின்ற பெண், “உள்ள வரலாங்களா, டீச்சர்?” என்று கேட்டார்.

அவர் பெயர் ஆரோக்கியம். இராமநாதபுரக் கரையில் மீனவர் வீட்டுப் பிள்ளை. யூட்டை நாலு வயதில் சண்டைக்குப் பயந்து தாய் தகப்பன் வள்ளத்தில் அக்கரைக்குக் கொண்டு போனார்கள். அவர் அங்கே அகதி முகாமில் வளர்ந்து, அந்தக் கரையிலேயே தொழிலுக்குப் போய், ஆரோக்கியத்தைக் கட்டினார். இப்போது ஊர் திரும்பித் தாழ்வுபாட்டில் இருக்கிறார்கள். யூட்டுக்கும் ஆறு வயது மகளுக்கும் இலங்கைப் பத்திரம் இருக்கிறது. ஆரோக்கியத்திடம் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டும் சுற்றுலா விசாவும். அதை இரண்டு தரம் நீட்டியாயிற்று. இனி நீட்ட மாட்டார்கள். ஆவணி முடிவதற்குள் வதிவிட விசா கிடைக்காவிட்டால் அவர் தனியாகப் போக வேண்டும், அல்லது முதலாம் வகுப்பில் இப்போதுதான் சேர்த்த பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

இதையெல்லாம் நான் குறித்துக்கொண்டு, படிவத்தில் ‘வெளிநாட்டவர்’ என்ற கட்டத்தில் அவர் பெயரை எழுதினேன். அவர் எட்டிப் பார்த்தார். “எங்க ஊர்க் கரையில ராத்திரி நின்னு பாத்தா உங்க தலைமன்னார் வெளக்கு தெரியுங்க, டீச்சர். பாத்துக்கிட்டே இருந்தேன், எப்ப நான் வெளிநாடு ஆனேன்?”

மீன் பெட்டி

பத்திரங்களைக் கொண்டுவரச் சொன்னேன். யூட் மீன் போடுகிற வெள்ளை ரெஜிபோம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். மூடியைச் சுற்றிப் பழைய சைக்கிள் ரியூப்பைக் கீறிக் கட்டியிருந்தது. அதை அவிழ்த்தால் உள்ளே ஒரு பொலித்தீன் பை, அதற்குள் இன்னொன்று, அதற்குள் துணி. துணிக்குள் முகாமில் கொடுத்த அட்டை, அந்தக் கரைக் கோயிலில் எழுதிய விவாகப் பதிவு, மகளின் பிறப்புப் பதிவு, ஊசி போட்ட அட்டை, யூட்டின் தாய் இறந்தபோது முகாமில் கொடுத்த துண்டுக் கடிதம். எல்லாம் திகதி வரிசையில் இருந்தன.

இந்த வேலையில் எத்தனையோ கோப்புகளைப் பார்த்திருக்கிறேன். கறையான் தின்றது, மழை குடித்தது, பிள்ளை கீறியது. இரண்டு நாடு, இரண்டு கரை, மூன்று குடிசை மாறிய பத்திரங்களில் ஒரு மடிப்புக்கூடக் கிழியாமல் இருந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. கொஞ்சம் மீன் மணம் மட்டும் இருந்தது. நான் வியந்து பார்ப்பதைக் குறை பிடிப்பதாக நினைத்து யூட் வெட்கப்பட்டார். “தண்ணி போகாத சாமான் எங்கட வீட்டில இது ஒண்டுதான், ரீச்சர்.”

லோயர் வேணுமோ?

விசாவுக்கு வருகிற ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியைக் கேட்பார்கள். என் பதில் எப்போதும் ஒன்றுதான். படிவம் நிரப்ப லோயர் வேண்டாம். கதையில் எங்காவது முடிச்சு இருந்தால் வேணும். யூட்டின் கதையில் முடிச்சு இருந்தது. அவர் கடவுச்சீட்டு இல்லாமல் நாட்டை விட்டுப் போனவர். ஆகவே சட்டத்தரணி குரூஸிடம் கூட்டிக்கொண்டு போனேன். குரூஸ் மன்னார் பட்டினத்துக் கடைக்காரர் மகன், நேர்த்தியான மனிதர். நான் இரண்டு நாளாக அடுக்கிய பத்திரங்களை அவர் ஒரு மணித்தியாலத்தில் நாலு நிறக் கொடி ஒட்டி, பக்க எண் போட்டு, முகப்புக் கடிதத்தோடு ஒரு புத்தகமாக்கிவிட்டார். யூட் அதைக் கையில் வாங்கி, ஞானஸ்நானப் பிள்ளையைப் பிடிப்பது போலப் பிடித்தார்.

பிறகு குரூஸ் ஒரு தாளை எடுத்தார். கணவன் மனைவியைத் தனித்தனியாக விசாரிப்பார்கள், பதில்கள் ஒத்துவர வேண்டும் என்று விளங்கப்படுத்தினார். ஐம்பத்திரண்டு கேள்விகள் எழுதியிருந்தார். பல்லுத்தூரிகை என்ன நிறம்? தேத்தண்ணிக்கு எத்தனை கரண்டி சீனி? கட்டிலில் யார் எந்தப் பக்கம் படுப்பது? யூட் ஒவ்வொன்றுக்கும் ஓம், ஓம் என்று தலையாட்டினார். ஆரோக்கியம்தான் கையை உயர்த்தினார். “கட்டிலே இல்லாத வீட்டுல எந்தப் பக்கம்னு எதைங்க சொல்றது?”

விதானையாரின் கடிதம்

இருவரும் ஒரே வீட்டில் வசிக்கிறார்கள் என்று கிராம அலுவலரிடம் அத்தாட்சி வாங்க வேண்டும். எங்கள் ஊரில் அவரை இன்னும் விதானையார் என்றுதான் சொல்வோம். நேரில் பார்த்துத்தான் எழுதினாரா என்று கொழும்பில் கேட்டால் என்ன செய்வது என்று குரூஸ் என்னை அனுப்பினார். விதானையார் பேனையை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “ஆறு மணிக்கு இவ பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு எழுப்புற இந்தியாச் சத்தத்திலதான் நானே எழும்புறனான். இருக்கிறாவோ எண்டு என்னட்ட வந்து கேக்கிறீங்கள்!”

முதல் நேர்முகம்

கொழும்பில் குடிவரவுக் கந்தோரில் எங்களை விசாரித்த அதிகாரி அமைதியானவர். குரலை உயர்த்தாமல் சிங்களத்தில் பேசினார். நான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். குரூஸுக்கு அன்று மன்னாரில் வழக்கு, வரவில்லை. முதலில் யூட்டைக் கூப்பிட்டு, போனது வந்தது கேட்டு அனுப்பினார்கள். பிறகு ஆரோக்கியம். பல்லுத்தூரிகையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதிகாரி, பேச்சைத் தொடங்குவதற்காகக் கேட்பவர் போல, “உங்கள் கணவர் எங்கே போய் மீன் பிடிப்பார்?” என்றார்.

“தெரியாதுங்க.”

“போகும்போது சொல்ல மாட்டாரா?”

“மாட்டாருங்க.”

“நீங்கள் கேட்பதில்லையா?”

“ஐயோ, கேக்கவே மாட்டேங்க!”

“எப்போது திரும்பி வருவார் என்றாவது?”

“அதையும் கேக்கக் கூடாதுங்க.”

இரண்டு கரையிலும் கடலோரத்தில் பிறந்த எவருக்கும் இது தெரியும். கடலுக்கு இறங்குகிறவரை எங்கே போகிறாய் என்று கேட்கக்கூடாது. கேட்டால் அவர் மண்ணெண்ணெய்க் கானைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவார், அன்றைக்குத் தொழில் இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி ஒரு பெரிய கந்தோர் அதிகாரிக்குத் தெரியாமல் இருக்கும் என்று ஆரோக்கியத்துக்குத் தோன்றவே இல்லை. எனக்குத் தோன்றியது. ஒரே ஒரு வசனம் சொன்னால் போதும். ஆனால் அதிகாரி என்னைக் கேட்கவில்லை, ஆரோக்கியம் அதைச் சொல்லவும் இல்லை. கூட்டக் கூடாது என்ற என் விதிப்படி, அவர் சொன்னதை மட்டும் சிங்களத்தில் சொன்னேன். மறுபடி யூட்டைக் கூப்பிட்டு, “போகிற இடத்தை மனைவியிடம் சொல்வீர்களா?” என்று கேட்டார்கள். யூட் நெஞ்சை நிமிர்த்தி, “ஒரு நாளும் சொன்னதில்லை, சேர்” என்றார். அதிகாரி கோப்பை மெதுவாக மூடினார். “போகிற இடத்தை இவர் சொல்வதில்லை, வருகிற நேரத்தை அவர் கேட்பதில்லை. இவர்கள் ஒரே வீட்டில் இருக்கிற கணவன் மனைவி என்று நான் எப்படி எழுதுவது?”

ஐம்பத்து மூன்றாவது கேள்வி

பத்து நாளில் கடிதம் வந்தது. விவாகம் உண்மையானது என்பதற்கு மேலதிகச் சான்றுகளோடு திரும்பவும் வர வேண்டும். குறித்த நாளுக்கும் ஆரோக்கியத்தின் விசா முடிகிற நாளுக்கும் இடையில் பதினொரு நாள்தான் இருந்தது. கடிதத்தை வாசித்துக் காட்டியபோது யூட் நாட்களை விரலில் எண்ணினார். ஆரோக்கியம், “பாப்பாவை நான் இங்கயே விட்டுட்டுப் போறேன், டீச்சர். பள்ளிக்கூடத்துல அதுக்கு இப்பத்தான் சிநேகிதம் கெடச்சிருக்கு” என்றார். அதை அழாமல் சொன்னார். பிறகு மகளின் புத்தகப் பையைத் தேடுகிறவர் போல வெளியே போனார்.

குரூஸ் எங்கள் மூவரையும் இருத்தி, ஏன் தெரியாது என்று சொன்னீர்கள் என்று கேட்டார். ஆரோக்கியம் சொன்னார். யூட் மேலும் சொன்னார்: இடத்தைச் சொன்னால் மீன் விலகும், வருகிற நேரத்தைச் சொன்னால் காற்றுக்குக் கேட்கும். கடலிலிருந்து ஒரு கிலோமீற்றரில் பிறந்து வளர்ந்த குரூஸ் இதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டார். அவர் முகத்தில் நான் கண்டது கோபம் அல்ல. கோயிலில் திருப்பலி நடுவில் மணி அடித்தவுடன் சனம் குனியுமே, அப்படிக் குனிந்து தன்னுடைய தாளைப் பார்த்தார். “ஐம்பத்திரண்டு கேள்விக்கு உங்களைப் பாடமாக்கச் சொன்னன். உங்கட சீவியம் எப்பிடி எண்டு நான் ஒரு கேள்வி கேக்கேல்லை, தங்கச்சி.”

பதினாறு சத்தியக் கடதாசிகள்

அதற்குப் பிறகு குரூஸ் செய்ததை நான் என் வேலைக்காலத்தில் கண்டதில்லை. தாழ்வுபாட்டுக்குத் தானே போய், கடற்கரையில் மீன் பிரித்துக்கொண்டிருந்த பெண்களிடம் கதைத்தார். புதன்கிழமை பின்னேரம் பதினாறு பெண்கள், குளித்து, தலை ஈரத்தோடு, அடையாள அட்டையோடு என் முன்னறைக்கு வந்து சேர்ந்தார்கள். சத்தியக் கடதாசியை உறுதிப்படுத்தச் சமாதான நீதவான் ஒருவர் மேசைக் கரையில் இருந்தார். குரூஸ் எழுதிய வாசகம் சின்னது: “என் கணவர் தொழிலுக்கு எங்கே போகிறார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்பதில்லை. அவர் சொல்வதில்லை. நாங்கள் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் வாழ்கிறோம்.” அதைப் பதினாறு தரம் மொழிபெயர்த்தேன். பெயரும் விவாகமான வருடமும் மட்டும் மாறின. நாலு மாதம், ஒன்பது வருடம், இருபத்தேழு வருடம். ஒரே வசனத்தைத் திருப்பித் திருப்பி எழுதினால் கை சோரும். எனக்கோ எழுத எழுத மயிர் கூச்செறிந்தது. இத்தனை வீட்டில் இத்தனை விடியலில் ஒரு கேள்வி கேட்கப்படாமல் நிற்கிறது என்பதை நான் அதற்கு முன் எண்ணிப் பார்த்ததில்லை.

நாலு மாதக் கலியாணப் பெண் தயங்கினாள். “நான் ஒருக்காக் கேட்டுப்போட்டன். கையெழுத்து வைக்கலாமோ?” என்றாள். குரூஸ், “கேட்டு என்ன நடந்தது, பிள்ளை?” என்றார். “மனிசன் என்ஜினைக் கழட்டி வைச்சிட்டு வந்து படுத்திட்டுது. மாமி ரெண்டு நாள் என்னோட கதைக்கேல்லை.” குரூஸ் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். “அதை அப்பிடியே எழுதுங்கோ, ரீச்சர்! இதுதான் பெறுமதியான சாட்சி.”

கடைசியாகக் கையெழுத்து வைத்தவர் பிலோமினா அக்கா. நாற்பது வருடக் கலியாணம். எழுதியதை இரண்டு தரம் வாசிப்பித்துக் கேட்டு, ஒவ்வொரு எழுத்தாக நிதானமாகத் தன் பெயரை எழுதி முடித்தார். பிறகு என் காதுக்குக் கிட்ட வந்தார். “இதை எங்கட அந்தாளுக்கு வாசிச்சுக் காட்டிப்போடாதேங்கோ. நாப்பது வருசமாத் தனக்குச் சொல்லாத கதையைக் கொழும்புக்குச் சொல்லியிருக்கிறாள் எண்டு கோவிச்சுக்கொள்ளும்.”

சட்டைக்கை

இரண்டாம் முறை குரூஸும் வந்தார். கடதாசிக் கட்டைக் கொடுத்து, நாலு வசனம் பேசினார். அதிகாரி கேட்டுக்கொண்டு, அவரை வெளியே மர வாங்கில் இருக்கச் சொன்னார். பிறகு பதினாறையும் வாசித்தார். ஒன்றையும் தாண்டிப் போகவில்லை. நாலு மாதப் பெண்ணின் கடதாசியில் மட்டும் அவருடைய வாயோரம் கொஞ்சம் அசைந்தது. ஆரோக்கியத்தைக் கூப்பிட்டார். “சரி. எங்கே போகிறார் என்று உங்களுக்குத் தெரியாது. இந்தப் பதினாறு பேருக்கும் தெரியாது. நம்புகிறேன். அப்படியென்றால் அவரைப் பற்றி உங்களுக்கு என்னதான் தெரியும்?”

ஆரோக்கியம் திரும்பிப் பார்த்தார். “கதவு சாத்தியிருக்குங்களா?” என்று கேட்டார். சாத்தியிருந்தது. “போற எடம் தெரியாதுங்க. போயிட்டு வந்த எடம் தெரியும். சட்டையைத் தொவைக்கிறது நான்தானுங்களே. இப்ப சோளகக் காத்து, தென்மேக்க இருந்து அடிக்குது, போறப்ப அந்தப் பக்கச் சட்டைக்கையிலதான் தண்ணி தெறிக்கும். வலது கையில உப்புக் காஞ்சிருந்தா தெக்க போயிருக்காரு. இடது கையில இருந்தா மணல்திட்டுப் பக்கம். கேனைத் தூக்கிப் பாத்தா எவ்வளவு தூரம்னு தெரியும். வலையில சாதாளைப் புல்லு சிக்கியிருந்தா கரையோரம், ஓரா மீன் வந்திருக்கும். சேத்துல வலை கிழியாதுங்க, கல்லுலதான் கிழியும். அதைத் தைக்கிறதும் நான்தான்.” நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, அதிகாரி எழுதுவதை நிறுத்திவிட்டார். “கடைசியாகப் போனது?” என்று மெதுவாகக் கேட்டார். “முந்தாநாளுங்க. வலது கை முழுக்க உப்பு. கேன் காலி. வலையில ஏழு எடம் கிழிசல். கலவாயும் வெளமீனும் வந்துச்சு.” இதைச் சொல்லி, தெற்கே முள்ளிக்குளத்துக்கு நேரே கடலடியில் கிடக்கிற ஒரு பாறைத் திட்டின், எங்கள் சொல்லில் கல்லுப் பாரின், பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது அவர்கள் வீட்டுச் சோறு.

ஒன்பது வருடக் கலியாணம். ஒன்பது வருடமாக ஒவ்வொரு நாளும் இந்தப் பெண் ஒரு மனிதனை இப்படி வாசித்திருக்கிறார், ஒரு சொல்லும் கேட்காமல். பாடப் புத்தகம் போல் பத்திரங்களை வாசிக்கிற எனக்கு, என் தொழிலில் நான் எவ்வளவு சின்னவள் என்று அப்போது தெரிந்தது. அதிகாரி அந்தப் பாரின் பெயரைத் தன் குறிப்பில் எழுதிக்கொண்டார். அதைக் கண்டு ஆரோக்கியம் பதறிப்போய் என் கையைப் பிடித்தார். “எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிராதீங்க, டீச்சர். யாருக்குமே தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டுச் சந்தோசமாப் போயிட்டு வராரு, அப்படியே இருக்கட்டும்.”

காதோடு

ஆரோக்கியத்தை வேறு கதவால் அனுப்பிவிட்டு யூட்டைக் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு கேள்விதான். “முந்தாநாள் எங்கே போய் மீன் பிடித்தீர்கள்?” யூட்டுக்கு வியர்த்தது. என்னைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார். சொல்லக்கூடாத இடம் அது. சொல்லாவிட்டால் மனைவி போய்விடுவார். நான் அந்தக் கேள்வியை இன்னொரு தரம் சொன்னேன், அதற்குமேல் எனக்கு இடமில்லை. கடைசியில் அவர் கதிரையை இழுத்துக்கொண்டு என்னருகே வந்து, கையால் வாயை மறைத்து, என் காதோடு அந்தப் பாரின் பெயரைச் சொன்னார். அதே பெயர். நான் அதை அதே இரகசியக் குரலில் அதிகாரிக்குச் சொன்னேன். அதிகாரி தன்னுடைய குறிப்பைப் பார்த்தார், இன்னொரு தரம் பார்த்தார், கோப்பின் மேலட்டையில் இரண்டு வரி எழுதினார்.

யூட் வெளியே போன பிறகு நான் பையை எடுத்துக்கொண்டு எழும்பினேன். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இரண்டு பேர் ஒரே பதிலைச் சொன்னால் வழக்கமாக எனக்குச் சந்தேகம்தான் வரும், மேடம். பாடமாக்கியிருப்பார்கள். இதை எந்த லோயர் பாடமாக்கிக் கொடுப்பார்?”

திரும்புகிற பஸ்

பழைய விசா முடிவதற்கு ஆறு நாள் இருக்கும்போது கடவுச்சீட்டை எடுக்க வரச் சொன்னார்கள். ஒரு வருட வதிவிட விசா ஒட்டியிருந்தது. அடுத்த வருடம் புதுப்பிக்க வேண்டும். குரூஸிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் உடனே அடுத்த வருடக் கோப்பைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். இந்த முறை கேள்வித்தாள் இல்லையாம். ஒரு நாள் விடியற்காலையில் அவர்கள் வீட்டில் வந்து இருந்து, நடக்கிறதைப் பார்க்கப்போகிறாராம்.

மன்னார் பஸ்ஸில் ஆரோக்கியம் ஜன்னல் கரையில் தலையைச் சாய்த்து நித்திரையாகிவிட்டார். கடவுச்சீட்டு இருந்த கைப்பையைச் சேலைத் தலைப்பால் சுற்றிப் பிடித்திருந்தார். புத்தளம் தாண்டியதும் யூட் என் பக்கம் சரிந்தார். அன்றைக்கு அதிகாரி அந்தக் கேள்வியைக் கேட்டது, யூட் உண்மையான கடல் தொழிலாளியா என்று பார்க்கத்தானாம் என்று எனக்கு விளங்கப்படுத்தினார். அவர் மனைவியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு, நித்திரையைக் கலைக்காத குரலில் சொன்னார். “நல்லகாலம், நான் அந்த இடத்தைச் சொல்லேக்கை இவள் வெளியில. பாவம், ரீச்சர், ஒன்பது வருசமா என்னோட இருக்கிறாள், நான் எந்தப் பக்கம் போறனான் எண்டுகூட இவளுக்குத் தெரியாது.”

விசாவுக்கு லோயர் உதவுவாரா என்று இனிமேல் என்னிடம் கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: ஓம், உதவுவார், ஆனால் அவரைக் கண்டு கதைத்து முடியும்வரை கணவனின் சட்டையைத் துவைத்துவிடாதீர்கள்.